குழாய் வாஷரில் சுற்றிய ரேடியோ

சுங்கை சிப்புட் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "வீட்டில் செய்த ரேடியோவில் இங்கிருந்து சென்னைக்குப் பேச முடியுமா ஐயா?"

முடியும். உங்களுக்குப் பக்கத்திலுள்ள ஈப்போவிலிருந்து சென்னை ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர். பகலில் 14 மெகாஹெர்ட்ஸ் சிற்றலை அயனி மண்டலத்தில் பட்டு, ஒரே தாவலில் கடக்கிற தூரம்தான். அதற்கான சர்க்கியூட்டும் இருக்கிறது. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் 2000-களின் தொடக்கத்தில் வடிவமைத்த 'பிட்எக்ஸ்'. அது வெளியே அனுப்பும் சக்தி 6 வாட் அளவுதான், கூடத்து எல்.இ.டி. விளக்கே 9 வாட் எடுக்கும்.

கேட்க ஒரு சர்க்கியூட், பேச இன்னொன்று என்பதுதான் பழைய வழக்கம். ஃபர்ஹான் இரண்டுக்கும் ஒரே பாதையை வைத்தார். நான் வளர்ந்த தோட்டத்தில் ஒரு லோரி மட்டுமே போகக்கூடிய பலகைப் பாலம் உண்டு. காலையில் பால் லோரி அதில் வெளியே போகும். மாலையில் அதே பலகைகள்மேல் அரிசி லோரி உள்ளே வரும். பிட்எக்ஸும் அப்படித்தான். பெருக்கிகளில் டிரான்சிஸ்டர்கள் எதிரெதிர்த் திசை பார்த்து நிற்கும். 12 வோல்ட் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் விழிக்கும், மறுபக்கம் உறங்கும். நடுவிலுள்ள கிரிஸ்டல் வடிகட்டிக்குத் திசையே கிடையாது.

என்னை மயக்கியது அதன் சுருள். வளைய வடிவக் காந்தக் கருக்கள் கடையில் எளிதில் கிடைக்காது. அலைவெண்ணைத் திருகி மாற்றும் பகுதியின் சுருளை, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிளாஸ்டிக் வாஷரில் சுற்றிவிட்டார் மனிதர்! வடிகட்டிக்கு மலிவான 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்கள். கைக்கு எட்டியதை வைத்தே செய்யலாம் என்ற அந்தத் துணிவை நான் வணங்குகிறேன்.

நம் ஊரில் பழைய ரேடியோவும் டிவியும் மூடி திறக்கப்படாமலேயே பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போகின்றன. பிள்ளைகளுக்கு ஆயிரம் ரிங்கிட் கைப்பேசி வாங்கித் தருகிறோம். ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோலை மட்டும் கையில் தர அஞ்சுகிறோம். இது எனக்கு மனவருத்தம்.

வாசகரே, பேசும் பொத்தானை அழுத்துமுன் தேர்வு எழுதி, தொடர்பு பல்லூடக ஆணையத்தின் அமெச்சூர் உரிமம் வாங்கிவிடுங்கள். ஆன்டெனாவுக்கு 10 மீட்டர் செம்புக் கம்பி போதும். நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 5 மீட்டராக, மின்கம்பிக்கு எட்டாத இடத்தில் உயரக் கட்டுங்கள். வடக்குத் தெற்காகக் கட்டினால் அலை கிழக்கிலும் மேற்கிலும் வலுவாகப் போகும். சென்னை நமக்கு மேற்கே, சற்று வடக்குத் தள்ளி இருக்கிறது.