கூட்டலும் கழித்தலும் ஒரே நேரத்தில்

போர்ட் பிளேயரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. மழை ஓய்ந்த நாளிலும் காற்றில் கடலுப்பு இருக்கும். இரும்பு உள்ளகம் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர்களும் கண்ணாடி வால்வுகளும் நிறைந்த, எழுபது வயதான ஓர் ஒலிக்கருவியை அந்த ஊரில் துருவிலிருந்து காப்பது பெரும்பாடு. ஆனால் காக்கவேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. அந்தக் கருவி மென்பொருளாகி, மடிக்கணினிக்குள் அடங்கிவிட்டது. அப்படி அடங்குவதற்கு அதன் குறைகளையும் ஒன்றுவிடாமல் நகலெடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் வேடிக்கை.

கருவியின் பெயர் பல்டெக். அமெரிக்காவின் நியூஜெர்சியில் யூஜின் ஷெங்க், ஆலி சம்மர்லின் என்ற இருவர் நடத்திய பல்ஸ் டெக்னிக்ஸ் நிறுவனம் 1951இல் இதை ஈக்யூபி-1 என்ற பெயரில் கொண்டுவந்தது. ஸ்டூடியோக்களில் பேர் வாங்கியது பிறகு வந்த ஈக்யூபி-1ஏ. இது ஓர் ஈக்வலைசர். அதாவது ஒலியில் கலந்திருக்கும் தாழ்ந்த, நடுத்தர, உயர்ந்த அதிர்வுகளில் வேண்டியதை மட்டும் கூட்டவோ குறைக்கவோ உதவும் கருவி. பழைய டேப்ரெக்கார்டரில் பேஸ், டிரெபிள் என்று இரண்டு குமிழ்கள் இருந்தனவே, அவற்றின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

பல்டெக்கின் முகப்பில் தாழ்ந்த ஒலிகளுக்கென ஒரே ஒரு தேர்வுத் திருகி: 20, 30, 60, 100 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்பது ஒரு வினாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. அந்த ஒரே தேர்வுக்கு இரண்டு குமிழ்கள். ஒன்று கூட்டும், மற்றது குறைக்கும். இரண்டையும் ஒன்றாகத் திருக வேண்டாம், ஒன்றையொன்று அழித்துவிடும் என்பது கையேட்டின் அறிவுரை. நியாயமான அறிவுரைதான். ஆனால் ஒலிப்பொறியாளர்கள் இரண்டையும் திருகிப் பார்த்தார்கள். பேஸ் கிட்டார் கனம் கூடியும் ஒலித்தது, தெளிவாகவும் ஒலித்தது!

இது ஏன் பெரிய விஷயம்? பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை மீட்டினால் பிறப்பது 41 ஹெர்ட்ஸ். காற்றில் அதன் ஒரு முழு அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். பெரும்பாலான வீட்டு அறைகளில் அது முழுதாக நீட்டிப் படுக்கவே இடமிருக்காது. இதைக் கூட்டலாம் என்று சாதாரண ஈக்வலைசரைத் திருகினால், கூட்டல் அங்கேயே நின்றுவிடாது. சரிவாக மேலேறி 150 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியையும் தூக்கிவிடும். அங்கே ஏற்கெனவே நெரிசல். ஆண்குரலின் அடிப்பகுதி, மிருதங்கம், தவில் போன்றவற்றின் கனம், பேஸின் மேற்சுரங்கள் எல்லாம் குடியிருக்கும் இடம் அது. பாட்டு குழம்புவது இங்கேதான். இளையராஜாவைப் போல பேஸைத் தனி மெட்டாகவே நடக்கவிடுபவரின் பாட்டில் (‘மூடுபனி’ படத்தின் ‘என் இனிய பொன் நிலாவே’யைக் கேட்டுப் பாருங்கள்) அந்த நடை குழம்பினால் பாட்டின் பாதி போயிற்று.

பல்டெக்கைத் திறந்து பார்த்தால் இன்னொரு விசித்திரம். ஒலியைத் திருத்தும் பகுதியில் ஒலியைப் பெருக்கும் பொருள் எதுவுமே இல்லை. வெறும் மின்தடைகள், மின்தேக்கிகள். உயர்ந்த ஒலிகளுக்கு மட்டும் ஒரு கம்பிச்சுருள். இவற்றால் குறைக்கத்தான் முடியும். பிறகு எப்படிக் கூட்டுகிறது? முதலில் எல்லாவற்றையும் ஏறத்தாழ 16 டெசிபல் குறைத்துவிடுகிறது. உள்ளே போன ஆற்றலில் நாற்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். ‘கூட்டு’ குமிழைத் திருகினால் தாழ்ந்த ஒலிகள் மட்டும் கொஞ்சம் குறைவாகப் பறிபோகும், அவ்வளவுதான். கடைசியில் வரும் வால்வுப் பெருக்கி எல்லாவற்றையும் நாற்பது மடங்கு உயர்த்தி இழப்பை ஈடுகட்டும்போது, குறைவாகப் பறிகொடுத்தது கூடியதாகத் தெரியும்.

இப்போது அந்த இரண்டு குமிழ்களுக்கு வருவோம். இரண்டுக்கும் தனித்தனி மின்தேக்கிகள். முகப்பில் எழுதியிருப்பது ஒரே எண்ணானாலும் இரண்டும் வேலை செய்யும் எல்லை ஒன்றல்ல. கூட்டலின் சரிவு தாழ்விலேயே முடிந்துவிடுகிறது. குறைப்பின் சரிவு இன்னும் மேலே வரை நீள்கிறது. இரண்டையும் திருகினால் மிகத் தாழ்ந்த பகுதியில் ஒரு மேடு, அதற்குச் சற்று மேலே ஆழமில்லாத ஒரு பள்ளம். பள்ளம் விழும் இடம் அந்த நெரிசல் பகுதியேதான். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. கையேடே தடுத்தது என்பது அதற்குப் போதிய சாட்சி.

டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பும் தன் பங்குக்கு ஒன்று செய்கிறது. அதிர்வு தாழத் தாழ இரும்பில் காந்தப்பாய்வு மிகும். ஓர் எல்லைக்கு மேல் இரும்பு தாங்காது. அலையின் உச்சி மழுங்கும். மழுங்கிய அலையில் புதிய மேற்சுரங்கள் முளைக்கும். 41க்கு மேலே, பெரும்பாலும் ஒற்றைப்படை மடங்குகளாக, 123, 205 என்று. செல்போனின் குட்டி ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனால் பேஸின் சொந்த மேற்சுரங்களும் சேர்ந்து 82, 123, 164 என்று 41 இடைவெளியில் வரும் வரிசையைக் கேட்டதும் மூளை, இல்லாத அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. பேஸ் இல்லாத ஸ்பீக்கரில் நாம் பேஸ் கேட்பது இப்படித்தான்.

கணினிக்குள் ஒலி என்பது பெரும்பாலும் வினாடிக்கு 44,100 எண்கள். சுத்தமான கணக்கில் எழுதிய ஈக்வலைசரில் ஒரே வளைவை ஒருமுறை கூட்டி ஒருமுறை குறைத்தால் விடை பூஜ்யம். கையேடு சொன்னது அங்கே அப்படியே பலிக்கும்! எனவே நகலெடுப்பவர்கள் ஒலியைக் கேட்டுப் பாவனை செய்வதை விட்டு, மின்சுற்றின் வரைபடத்தையே எடுத்து ஒவ்வோர் உறுப்பையும் சமன்பாடாக எழுதினார்கள். ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஃபெட்வைஸ் 1970களில் உருவாக்கிய அலைவழிக் கணக்கு முறை இதற்கான கருவிகளில் ஒன்று. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒவ்வோர் உறுப்புக்கும் வந்துபோகும் அலைகளாகப் பார்ப்பது அது.

வால்வும் இரும்பும்தான் முரண்டு பிடிப்பவை. அங்கே ஓட்டம் அழுத்தத்தைப் பொறுத்தது, அழுத்தமோ ஓட்டத்தைப் பொறுத்தது. நேரடிச் சூத்திரம் பெரும்பாலும் கிடையாது. ஒரு விடையை ஊகித்து, பிழையைப் பார்த்து, திருத்தி, மறுபடி ஊகிக்க வேண்டும். நியூட்டன் காலத்து வித்தை. இதெல்லாம் ஓர் எண்ணுக்கு 23 மைக்ரோவினாடிக்குள் முடியவேண்டும். அது போதாதென்று, 44,100இன் பாதிக்கு மேல் முளைக்கும் மேற்சுரங்களைக் கணினியால் பிடித்துவைக்க முடியாது. அவை மடங்கிக் கீழே விழும். 30,000 ஹெர்ட்ஸ் 14,100 ஆகி, பாட்டுக்குச் சம்பந்தமில்லாத போலிச் சுரமாகக் கேட்கும். தப்பிக்க, வினாடிக்கு 1,76,400 எண்களாகப் பெருக்கி, கணக்கை முடித்து, வடிகட்டி, மறுபடி 44,100க்கு இறக்குகிறார்கள். பழைய இரும்பின் ஒரு சோம்பலை நடிக்க இத்தனை உழைப்பு!

போர்ட் பிளேயர் இருக்கும் அந்தமானிலிருந்து பாட்டுத் தடங்களை இணையத்தில் அனுப்ப வசதியான வழி திறந்தது 2020 ஆகஸ்ட் 10 அன்று. அதுவரை செயற்கைக்கோளை நம்பியிருந்த தீவுகளைச் சென்னையோடு இணைத்த சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடி ஒளியிழைக் கேபிள் அன்றுதான் தொடங்கிவைக்கப்பட்டது. நான்கு நிமிடப் பாட்டு ஒன்றின் நாற்பது தடங்களைத் தரமாகச் சேமித்தால் ஒரு ஜிபிக்கு மேல் வரும். அதைக் கப்பலிலோ விமானத்திலோ ஹார்டு டிஸ்க்காக அனுப்ப வேண்டிய அவசியம் இனி இல்லை.

விலை கொடுத்துப் பல்டெக் நகலை வாங்காமலே அந்த இரண்டு குமிழ்களின் வித்தையைச் சோதிக்கலாம். எந்த இசை மென்பொருளிலும் ‘லோ ஷெல்ஃப்’ என்ற வடிகட்டி இருக்கும். ஒரு புள்ளிக்குக் கீழே உள்ளதை எல்லாம் ஒருசேர ஏற்றி இறக்குவது அது. பேஸ் தடத்தில் இரண்டைப் போடுங்கள். ஒன்று 80 ஹெர்ட்ஸில் 12 டெசிபல் கூட்டல், மற்றது 250இல் 6 டெசிபல் குறைப்பு. இரண்டும் மென்மையான சரிவாக, ஆக்டேவுக்கு (அதிர்வு இருமடங்காகும் தூரத்துக்கு) 6 டெசிபல் வகையாக, இருக்கட்டும். கணக்குப்படி 40 ஹெர்ட்ஸில் மூன்றரை டெசிபலுக்குச் சற்றுக் குறைவான மேடும், 200இல் ஒன்றேமுக்கால் டெசிபலை ஒட்டிய பள்ளமும் கிடைக்கும். இரும்பின் மேற்சுரங்கள் இதில் வராது. வளைவு மட்டும் வரும்.

தீர்ப்புச் சொல்லும்முன் ஒரு வேலை செய்யுங்கள். வடிகட்டி போட்டபோதும் எடுத்தபோதும் மொத்த ஒலியளவு சமமாக இருக்கும்படி திருத்திவிட்டு ஒப்பிடுங்கள். சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதை நல்ல ஒலி என்று எடுத்துக்கொள்ளும்.