உங்களுக்குத் தெரியுமா? – திருகாணியில் இருக்கிறது உழவு!

உழவுக்கென்றே போட்டிகள் நடக்கின்றன; அவற்றில் பழைய உழவு இயந்திரங்களுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. முதல் உலக உழவுப் போட்டி 1953இல் கனடாவின் கோபோர்க் நகரில் நடந்தது. இன்று பிரிட்டனின் பழைய வண்டிப் பிரிவுகளில் சாம்பல் நிற ஃபெர்குசன் உழவு இயந்திரங்களுக்குத் தனி மவுசு.

வேகத்துக்கு அங்கே முதல் மதிப்பில்லை. சால் நேராக ஓட வேண்டும், புல் வெளியே தெரியாமல் புரள வேண்டும். அதற்காகக் கலப்பையை அரைத் திருகு, கால் திருகு என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வண்டியோடு கலப்பையை இணைக்கும் மேல் தண்டைக் குறுக்கினால் கொழுமுனை தாழ்ந்து மண்ணைக் கவ்வும், நீட்டினால் மேலெழும். ஃபெர்குசன் கலப்பையின் குறுக்குத் தண்டைத் திருப்பினால் முதற்சாலின் அகலம் மாறும். புரட்டுத் தகட்டை நீளமானதாக மாற்றுவோரும் உண்டு. மண் உடையாமல் பாளமாகவே சாயும்.

ஹாரிஸ்பத்துவ, உடுநுவர என இலங்கையின் கண்டியைச் சுற்றிய படிவயல்களில் இந்த வித்தை செல்லாது. அங்கே நெல்லுக்கு வேண்டியது சேறு. ஆழ உழுதால் அடியில் இறுகிய மண்தட்டு உடைந்து, தேக்கிய நீர் கீழே இறங்கிவிடும். நாற்சில்லு வண்டி திரும்பவும் இடம் போதாது. அதனால்தான் எருமைக்குப் பின் இருசில்லு வண்டி வந்தது. 1950களில் ‘லேண்ட்மாஸ்டர்’ இருசில்லு வண்டியை வடிவமைத்தவர் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன. வேடிக்கை என்னவென்றால், உழாமலே பயிரிடும் முறைக்குப் பின்னாளில் உரக்க வாதாடியவரும் அவரேதான்!