வலிக்காத நிலையைத் தேடிய மருத்துவர்

லாரன்ஸ் ஜோன்ஸ், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள ஒன்டாரியோ என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஆஸ்டியோபதி மருத்துவர். ஆஸ்டியோபதி, 1874-இல் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய மருத்துவ முறை. அமெரிக்காவில் இதைப் படித்து டி.ஓ. பட்டம் பெறுபவர்கள் மற்ற டாக்டர்களைப் போலவே மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சையும் செய்யலாம். அதோடு தசையையும் மூட்டையும் கையால் தொட்டறிந்து சிகிச்சை தரவும் பயில்கிறார்கள். பிரிட்டனில் ஆஸ்டியோபத் என்பவர் முக்கியமாகக் கைச்சிகிச்சை செய்பவர்.

1955-இல், முதுகை நிமிர்த்த முடியாத ஒரு நோயாளி ஜோன்ஸிடம் வந்தார். மூட்டைச் சட்டென்று அழுத்தி விடுவிக்கும் வழக்கமான முறை பலிக்கவில்லை. வலியால் தூங்கவே முடியவில்லை என்று நோயாளி சொன்னதை ஜோன்ஸ் அலட்சியப்படுத்தவில்லை. எப்படிப் படுத்தால் வலிக்காது என்று உடலைப் பல விதமாக வளைத்துப் பார்த்தார். இதமான ஒரு நிலை கிடைத்ததும், அதே நிலையில் அவரைப் படுக்கவைத்துவிட்டு வேறு நோயாளியைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து எழுப்பியபோது அவரால் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

அதன்பின் ஜோன்ஸின் தொழில் வாழ்க்கை இதைச் சுற்றியே அமைந்தது. தொட்டால் வலிக்கும் சிறு புள்ளிகளை உடல் முழுவதும் தேடிக் குறித்துவைத்தார். முதுகுவலிக்கான புள்ளி வயிற்றுப் பக்கமோ தொடையிடுக்கிலோ இருக்கலாம் என்பது அவர் கண்டவற்றுள் முக்கியமானது; வலிக்கும் இடத்தை மட்டுமே தடவிப் பார்ப்பவருக்கு அது அகப்படாது. புள்ளியில் விரலை வைத்தபடி, அங்கே வலி அடங்கும் வரை உடலை வளைத்து, 90 விநாடி அப்படியே தாங்கிப் பிடித்து, மிக மெதுவாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வேகமாக விட்டால் தசை மறுபடி இறுகிவிடும் என்று எச்சரித்தார். 1964-இல் கட்டுரையாகவும் 1981-இல் நூலாகவும் இம்முறையை வெளியிட்டார். இன்று பிசியோதெரபிஸ்டுகளும் இதைக் கையாள்கிறார்கள்.

தசை நீள்வதை உணர்ந்து தண்டுவடத்துக்குச் சொல்லும் நுண்ணுறுப்புகள் தேவையில்லாமல் தூண்டப்பட்டே தசை இறுகுகிறது, அதைத் தளர்த்திக் குறுக்கினால் தூண்டல் தணிகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். அது இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. நடந்த ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை. தொட்டால் வலிப்பது உடனடியாகக் குறைகிறது என்பதற்கு ஓரளவு சான்று உண்டு, நீண்டகாலப் பலனுக்குச் சான்று குறைவு.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் முதுகுவலிக்கு உடற்பயிற்சியும் அன்றாட நடமாட்டமும் அவசியம்; கைச்சிகிச்சை அவற்றுக்குத் துணைதான். முதுகுவலியோடு காலில் பலவீனம், சிறுநீர் கழிப்பதில் சிக்கல், காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் முழுமையான மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.