பனி நகரில் மலிவு வாழ்க்கை: பஃபலோவின் வரவு செலவு

அமெரிக்காவுக்குப் போகவிருக்கும் பிள்ளைகளின் தகப்பன்மார், "அங்கே எந்த ஊரில் செலவு குறைவு?" என்று என்னிடம் கேட்பதுண்டு. நியூயோர்க் நகரம் எல்லோருக்கும் தெரியும். அதே மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோவைப் பற்றி நம்மவர்களில் பலர் கேள்விப்பட்டதில்லை. மலிவான ஊர் என்று பெயரெடுத்த அந்நகரின் கணக்கை வியாபாரிகளாகிய நாம் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

முதலில் அந்த ஊர் ஏன் மலிந்தது என்று பார்ப்போம். 1825 இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்ட பின்னர், மேற்கில் விளைந்த தானியம் பஃபலோவில் இறங்கி ஏறித்தான் நியூயோர்க் துறைமுகத்துக்குப் போனது. 1959 இல் சென் லோரன்ஸ் கடல்வழி திறந்ததும் கப்பல்கள் இவ்வூரைத் தொடாமலே சமுத்திரத்துக்குப் போகத் தொடங்கின. பின்னர் பக்கத்து லக்கவானாவின் பெரிய உருக்காலையும் மூடப்பட்டது. 1950 இல் 580,000 பேர் வாழ்ந்த நகரில் 2010 இல் எஞ்சியவர்கள் 261,000 பேர்தான். ஆட்கள் போய்விட்டார்கள், வீடுகள் அப்படியே நின்றன. சரக்குத் தேங்கினால் விலை என்னவாகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வரி கட்டப்படாத வீடுகளை மாநகர நிர்வாகம் ஏலத்தில் விட்டது. கிழக்குப் பகுதியில் பழைய வீடுகள் சில ஆயிரம் டொலருக்கே கைமாறின. நியூயோர்க்கின் குயின்ஸ், புரூக்ளின் பகுதிகளில் வாடகை கொடுத்தே களைத்துப்போயிருந்த பங்களாதேச முஸ்லிம்கள் இதைக் கண்டுகொண்டார்கள். டாக்ஸி ஓட்டியும் சாப்பாட்டுக் கடைகளில் நின்றும் சேர்த்த காசோடு பஃபலோவுக்கு வந்தார்கள். சொபீஸ்கி வீதியில் போலந்துக்காரர்களின் தேவாலயமாக இருந்த கட்டடம் இன்று மஸ்ஜித் ஸகரிய்யா. 2020 குடிசனக் கணக்கெடுப்பில் சனத்தொகை 278,000 ஆக உயர்ந்தது. 1950 க்குப் பின்னர் அந்நகரில் ஆள் தொகை கூடியது அதுவே முதல் தடவை.

அமெரிக்காவில் வீடு என்றாலே பெரும்பாலும் முப்பது வருட வட்டிக் கடன்தான். கைக்காசு கொடுத்து, வட்டியைத் தொடாமல், தலைக்கு மேல் சொந்தக் கூரை போட இடம் கொடுத்த ஊர் என்பதால்தான் நான் பஃபலோவைப் பற்றி எழுத முன்வந்தேன். பலசரக்கு விலையில் கிடைக்கும் இலாபமெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

சம்பளத்தையும் பார்ப்போம். 2026 இல் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி நியூயோர்க் நகரில் மணிக்கு 17 டொலர், பஃபலோவில் 16 டொலர். கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை செய்தால் வித்தியாசம் 40 டொலர் மட்டுமே. வீட்டு வாடகையோ ஏறத்தாழப் பாதி. இதை ரூபாவில் பெருக்கிப் பார்ப்பவர் ஏமாந்து போவார். எத்தனை மணிநேர உழைப்பு வாடகைக்குப் போகிறது என்று பார்ப்பதே சரியான கணக்கு. விற்பனை வரி இரண்டு இடத்திலும் நூற்றுக்கு எட்டே முக்கால் அளவில்தான் இருக்கிறது. சமைக்காத உணவுப் பொருட்களுக்கு அவ்வரி கிடையாது.

இனிப் பனியின் பங்கு. ஏரிக்கு மேலால் வரும் குளிர் காற்று ஈரத்தை அள்ளிவந்து கரையில் கொட்டுகிறது. சராசரியாக வருடத்துக்கு எட்டடிப் பனி. 2022 நவம்பரில் அயலிலுள்ள ஓர்ச்சட் பார்க்கில் ஒரே புயலில் ஆறடிக்கு மேல் விழுந்தது. அடுத்த மாதப் பனிப்புயலில் அம்மாவட்டத்தில் 40 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிலர் வாகனத்திலும், சிலர் சூடில்லாத வீட்டிலும் உயிரிழந்தனர். வீதிகள் பல நாட்கள் மூடிக் கிடந்தன. ஒரு கிழமைக்குரிய அரிசியும் மருந்தும் வீட்டில் வைத்திருப்பது அங்கே ஆடம்பரமல்ல.

மலிவாக வாங்கிய வீட்டைக் குளிர்காலம்தான் விலையேற்றுகிறது. கிழக்குப் பகுதியில் பெரும்பாலும் உலகப் போருக்கு முந்திய மரவீடுகள். காற்றுப் புகும் யன்னல், பழைய சூடேற்றும் இயந்திரம், ஒழுகும் கூரை என்று எல்லாமே காஸ் பில்லில் வந்து சேரும். சூடு நின்றால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். 1978 க்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கலாம், அது குழந்தைகளின் மூளைக்குக் கேடு. வீட்டுக்கு முன்னாலுள்ள நடைபாதைப் பனியை அள்ளுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. ரயில் ஒரே பாதைதான், பத்துக் கிலோமீற்றர். ஆகவே கார் வேண்டும், பனி டயர் வேண்டும். வீதியில் தூவும் உப்பு அந்தக் காரின் அடியைத் தின்றுவிடும்.

மேசன் பாஸ், தச்சுப் பாஸ் வேலை தெரிந்த குடும்பங்கள் இதில் வென்றன. கீழ்த்தளத்தில் குடியிருந்து, மேல்தளத்தை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையில் வரியும் காஸும் கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் கூலி கொடுத்தவருக்கு வீட்டின் விலையைவிடத் திருத்த வேலை கூடிப்போகலாம். நகரத்தின் ஒரு டொலர் வீட்டுத் திட்டத்திலும் குறைகளைத் திருத்தி, மூன்று வருடமாவது அதில் குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பில்லில் வராத செலவும் உண்டு. 2024 ஏப்ரலில் கிழக்குப் பகுதியில் வீட்டு வேலைக்குப் போயிருந்த பங்களாதேசத்தவர் இருவர் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். எந்தத் தெரு என்பது எத்தனை டொலர் என்பதைவிட முக்கியம்.

அந்தப் பழைய விலை இன்று இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024, 2025 ஆகிய இரு வருடங்களிலும் நாட்டிலேயே கேள்வி மிகுந்த வீட்டுச் சந்தையாக பஃபலோ இருக்கும் என்று ஸிலோ நிறுவனம் கணித்தது. கைக்காசுக்கு வீடு என்ற வாசல் ஒடுங்கி வருகிறது. வாசல் ஒடுங்க, வட்டிக் கடன் கொடுப்பவர்களின் விளம்பரம் பெருகும். இதில் நம் பிள்ளைகள் அவசரப்படக் கூடாது. வாடகைக்கு இருந்துகொண்டு ஒரு குளிர்காலத்தைக் கழிக்கட்டும். வீடு பார்க்கும்போது விற்பவரிடம் கடந்த பன்னிரண்டு மாதக் காஸ் பில்களையும், வரி நிலுவை இல்லை என்ற பத்திரத்தையும் கேட்கட்டும். வீட்டை ஜூலையில் பார்த்துவிட்டு முற்பணம் கொடுக்காமல், ஜனவரியிலும் ஒரு தடவை உள்ளே போய் நின்று பார்க்கட்டும்.