கோர்ட்டில் சட்டம், வீட்டில் ஜாஸ்

லண்டனில் படித்துவிட்டுக் கப்பலேறி வந்த பாரிஸ்டர்களுக்கு பம்பாய் ஹைகோர்ட்டில் தனி மவுசு இருந்தது. 1953-ல் அங்கே கறுப்பு கவுன் மாட்டிய சோலி சொராப்ஜியோ உள்ளூர்ச் சரக்கு. செயின்ட் சேவியர் கல்லூரி, பிறகு அரசு சட்டக் கல்லூரி. லண்டன் பட்டம் இல்லாத இந்தப் பார்சி இளைஞர்தான் பின்னாளில் இரண்டு முறை (1989-90, 1998-2004) நாட்டின் அட்டர்னி ஜெனரலாக இருந்தார்.

பார்லிமென்ட் நினைத்தால் அரசியல் சட்டத்தின் அடிப்படையையே மாற்றலாமா? இந்தக் கேள்வியை 13 நீதிபதிகள் 68 நாட்கள் விசாரித்த கேசவானந்த பாரதி வழக்கில், நானி பல்கிவாலாவுக்குத் துணை நின்ற வக்கீல்களில் சொராப்ஜியும் ஒருவர். 1973 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, 'மாற்ற முடியாது' என்றது. அதுவும் 7-6 என்ற மயிரிழைப் பெரும்பான்மையில்.

அவரது துணிச்சலுக்கு உரைகல்லாக அமைந்தது எமர்ஜென்சி. மினு மசானியின் 'ஃப்ரீடம் ஃபர்ஸ்ட்' சிறு பத்திரிகை. அதில் வரவிருந்த 11 விஷயங்களுக்கு சென்சார் தடை போட்டார். வாயைத் திறக்கவே பலர் தயங்கிய நேரத்தில், மசானி கோர்ட் படியேறினார். அவருக்காக வாதாடியவர் சொராப்ஜி. மாற்றுக் கருத்தை நசுக்குவது சென்சாரின் வேலை ஆகாது என்று 1976 பிப்ரவரியில் பம்பாய் ஹைகோர்ட் சொல்லிவிட்டது. அதே ஆண்டு பத்திரிகைத் தணிக்கைச் சட்டம் பற்றி அவர் எழுதிய புத்தகமும் வந்தது. வழக்கு நடத்துவதோடு கடமை முடிந்தது என்று அவர் நினைக்கவில்லை.

1977-ல் ஆட்சி மாறியதும் சொலிசிட்டர் ஜெனரல் பதவி தேடி வந்தது. 1984 கலவரத்தில் பாதிக்கப்பட்ட சீக்கியர்களுக்காகவும் உழைத்தார். மாநில அரசுகளை மத்திய அரசு இஷ்டம்போல் கலைப்பதற்கு 1994-ல் கடிவாளம் போட்ட பொம்மை வழக்கிலும் அவர் குரல் ஒலித்தது.

இத்தகைய மனிதர், அட்டர்னி ஜெனரல் நாற்காலியில் இருந்தபோது பொடா சட்டத்துக்காகவும் வாதாட வேண்டி வந்தது. மனித உரிமைக்காரர்களுக்கு அது உறுத்தல்தான். அரசின் வக்கீல் அரசுக்காகப் பேசித்தானே ஆகவேண்டும் என்பது ஒரு சமாதானம். முழுச் சமாதானம் என்று சொல்லிவிட முடியாது. 2003 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் பொடா செல்லும் என்றது. மறு ஆண்டு, ஆட்சி மாறியபின், அது ரத்தானது.

கவுனைக் கழற்றினால் ஜாஸ். பொழுதுபோக்கு என்று சொன்னால் குறைத்துச் சொல்வதாகும், அது பித்து. இளமையிலேயே கிளாரினெட் பழகியவர். டெல்லியில் ஜாஸ் விழாக்கள் நடக்க முன்னின்று உழைத்தார். சங்கதிகளை மேடையிலேயே கற்பனையில் விரித்துக்கொண்டு போகும் இசை அது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுகளுக்கு இந்த மோகம் எளிதில் புரியும்.

2002-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. எண்பதைத் தாண்டியும் கோர்ட் விட்டபாடில்லை. இணையத்தில் எழுதியவர்களைக் கைதுசெய்ய உதவிய 66ஏ பிரிவை எதிர்த்து, ஷ்ரேயா சிங்கால் என்ற இளம் பெண் தொடுத்த வழக்கில் வாதாடினார். 2015 மார்ச்சில் அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பானது. 2021 ஏப்ரல் 30 அன்று டெல்லியில் கொரோனா அவரைக் கொண்டுபோனபோது வயது 91.