காரின் முன்-பின் பிரேக் சமநிலை

பிரேக் சமநிலை என்பது, பெடலை மிதிக்கும்போது உண்டாகும் தடுப்பு விசை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் எந்த விகிதத்தில் பிரிகிறது என்பதைக் குறிக்கும். ஏபிஎஸ் உள்ள கார்களில் சக்கரம் சுழலாமல் நின்றுவிடுவதை (லாக் ஆவதை) மின்னணுக் கருவி தடுக்கிறது. ஏபிஎஸ் இல்லாத பழைய வேகக் கார்களில் இவ்விகிதம் தவறினால் கார் சுழன்றுவிடக்கூடும்.

எடை இடம் மாறுதல்

பிரேக் போட்டதும் பேருந்தில் நிற்பவர்கள் முன்பக்கம் சாய்வதுபோல, காரின் எடையும் முன்சக்கரங்களின் மேல் சாய்கிறது. இடம் மாறும் எடையைக் கணக்கிட, காரின் எடையை வேகக்குறைப்பாலும் (ஈர்ப்பு முடுக்கத்தின் மடங்காக) ஈர்ப்பு மையத்தின் உயரத்தாலும் பெருக்கி, முன்-பின் சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தால் வகுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 1,100 கிலோ எடையுள்ள கார், நிற்கும்போது முன்னும் பின்னும் 550 கிலோ தாங்குவதாகக் கொள்வோம். ஈர்ப்பு மைய உயரம் 0.5 மீட்டர், சக்கரத் தூரம் 2.4 மீட்டர்.

- உலர்ந்த சாலை, வேகக்குறைப்பு 0.8: சுமார் 183 கிலோ முன்னே செல்கிறது. முன் 67%, பின் 33%.
- ஈரச் சாலை, வேகக்குறைப்பு 0.4: சுமார் 92 கிலோ முன்னே செல்கிறது. முன் 58%, பின் 42%.

சாலை மாறினால் பொருத்தமான விகிதமும் மாறுகிறது என்பதை இதிலிருந்து அறியலாம்.

பின்சக்கரம் முதலில் நின்றால்

சுழலாமல் தேயும் சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு அநேகமாக இருக்காது. முன்சக்கரங்கள் நின்றால் ஸ்டீயரிங் கேட்காது. கார் நேராகச் செல்லும். பெடலைச் சற்றுத் தளர்த்தினால் பிடிப்பு திரும்பும். பின்சக்கரங்கள் முதலில் நின்றாலோ, சைக்கிளில் பின் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் பின்சக்கரம் பக்கமாக இழுப்பதுபோல, காரின் பின்பகுதி வீசிவிடும். எனவே முன்சக்கரங்களே சற்று முந்தி நிற்கும்படி அமைப்பது வழக்கம்.

சரிசெய்யும் கருவிகள்

1. அழுத்தக் குறைப்பு வால்வு: பின் பிரேக் குழாயில் பொருத்தப்படும். குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் பின்பக்க அழுத்தம் உயரும் வேகத்தைக் குறைக்கும். பின் பிரேக்கைக் கூட்ட இதனால் இயலாது. முன் குழாயில் இதைப் பொருத்தக்கூடாது.

2. சமநிலைத் தண்டு: முன்னுக்கொன்றும் பின்னுக்கொன்றுமாக இரண்டு மாஸ்டர் சிலிண்டர்கள் உள்ள பந்தயக் கார்களில் காணப்படும். தண்டின் நீளம் 60 மி.மீ. எனில், நடுவில் உள்ள தாங்கி இரு சிலிண்டர்களையும் சமமாகத் தள்ளும். அதை முன் சிலிண்டர் பக்கம் 3 மி.மீ. நகர்த்தினால் பெடல் விசையில் 55% முன் சிலிண்டருக்குச் செல்லும்.

போர்ஷே 911

911 காரின் என்ஜின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் உள்ளதால், நிற்கும்போதே எடையில் சுமார் 60% பின்னால் இருக்கும். ஆகவே முன்என்ஜின் கார்களைவிட இதன் பின் பிரேக்குகள் அதிகம் உழைக்கலாம். எரிபொருள் தொட்டி முன்பக்கம் இருப்பதால், எரிபொருள் தீரத்தீர முன் எடை குறையும். 1989 மாடலாக வந்த 964 வரிசைக்கு முந்தைய 911 கார்களில் ஏபிஎஸ் இல்லை. இவற்றில் பின் பேட்களை மட்டும் அதிக உராய்வுள்ளவையாக மாற்றினாலும் சமநிலை பின்னோக்கி நகர்ந்துவிடும்.

சரிசெய்யும் முறை

முதலில் பழுதுகளை நீக்க வேண்டும். இறுகிப்போன காலிப்பர், குழாயில் காற்று, பழைய பிரேக் ஆயில், தேய்ந்த டயர் ஆகியவற்றைச் சமநிலைத் திருகால் மறைக்க முயலக்கூடாது.

பிறகு, போக்குவரத்து இல்லாத, சமதளமான, உலர்ந்த ஓடுதளத்தில் சோதிக்க வேண்டும். பின் பிரேக்கை மிகக் குறைவாக வைத்துத் தொடங்கி, நேர்கோட்டில் 40 கி.மீ. வேகத்தில் பிரேக் போட வேண்டும். எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்பதை ஒருவர் பாதுகாப்பான தூரத்தில் நின்று கவனிக்கலாம். பின் பிரேக்கைச் சிறிது சிறிதாகக் கூட்டி, முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒன்றாக நிற்கும் நிலை வந்ததும், அதிலிருந்து சற்றுக் குறைத்து நிறுத்த வேண்டும். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி மீண்டும் சரிபார்ப்பது அவசியம்.

மழையில் அமைத்த விகிதம்

உலர்ந்த தளத்தில் அமைத்த விகிதத்துடன் மழையில் ஓட்டினால் முன்சக்கரங்கள் சீக்கிரம் நிற்கும். நிறுத்தும் தூரம் கூடும், ஆனால் கார் சுழலாது. மழைக்காகப் பின் பிரேக்கைக் கூட்டிவிட்டு, உலர்ந்த சாலையில் அப்படியே ஓட்டினால் பின்சக்கரங்கள் முதலில் நின்றுவிடும். பந்தயத்தில் மழைக்கேற்ப மாற்றியவர், சாலைக்கு வருமுன் உலர்நிலை அளவுக்குத் திரும்பியதை உறுதிசெய்ய வேண்டும். அந்த அளவைத் திருகின் மீது குறியிட்டு வைப்பது நல்லது.