கடலூர் டூ சிதம்பரம்... ஓடியே போகலாமா?

குட்டீஸ்! கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் ஏறி, ஜன்னலோர சீட்டைப் பிடித்து உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? முதுநகர் வரும்போதே மீன் வாசனை மூக்கைத் துளைக்கும். அப்புறம் தொழிற்சாலைகள். அப்புறம் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று கண்டக்டர் குரல் கொடுத்துக்கொண்டே வருவார். வெள்ளாற்றுப் பாலம் தாண்டிவிட்டால் போதும், நடராஜர் கோவில் கோபுரம் எங்கே என்று கண்கள் தேட ஆரம்பித்துவிடும். ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஆகும். உட்கார்ந்துகொண்டே போனாலும் இறங்கும்போது 'அப்பாடா' என்றிருக்கும்.

இந்தத் தூரத்தை ஒருவர் பஸ் இல்லாமல், சைக்கிள் இல்லாமல் ஓடியே கடந்தால்? அதற்குப் பெயர்தான் மாரத்தான்!

மாரத்தானின் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். கடலூரில் எங்கே கிளம்பி சிதம்பரத்தில் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, அந்தச் சாலையும் ஏறத்தாழ 42 முதல் 45 கிலோமீட்டர் வரும். 400 மீட்டர் ஓடுபாதை உள்ள மைதானத்தில் இதே தூரத்தை ஓட வேண்டுமானால் நூற்றைந்தரை சுற்று சுற்ற வேண்டும். தலை சுற்றுகிறதா? இருங்கள், இன்னும் இருக்கிறது.

கென்யா நாட்டு வீரர் கெல்வின் கிப்டம், 2023 அக்டோபரில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இந்தத் தூரத்தை 2 மணி 35 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அதாவது ஒவ்வொரு 100 மீட்டரையும் 17 விநாடி சொச்சத்தில் ஓடினார். உங்கள் பி.டி. சாரிடம் சொல்லி ஒரே ஒரு 100 மீட்டரை அந்த வேகத்தில் ஓடிப் பாருங்கள். பெரிய வகுப்புப் பையன்களுக்கும் பெண்களுக்கும் அது முடியும். அவர் அதையே நிற்காமல் 422 தடவை செய்தார்!

பி.முட்லூரில் என்ன நடக்கும்?

சரி, ஒருவர் கடலூரில் கிளம்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதுநகர் வரைக்கும் ஜாலிதான். வியர்வை பூக்கும், மூச்சு ஒரு தாளத்துக்கு வந்துவிடும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் பக்கம் பாதி வழி. அதற்குப் பெயர் அரை மாரத்தான். 21 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல்.

விஷயமே அதற்கப்புறம்தான். நாம் சாப்பிடும் சோறு, இட்லியிலிருந்து வரும் சர்க்கரைச் சத்தை நம் தசைகளும் கல்லீரலும் சேமித்து வைத்திருக்கின்றன. வேகமாக ஓடும்போது உடம்பு முதலில் எடுத்துச் செலவழிப்பது இந்தக் கையிருப்பைத்தான். பலருக்கு 30 கிலோமீட்டர் தாண்டியதும் இது ஏறக்குறைய காலியாகிவிடும். நம் சாலையில் சொன்னால் பி.முட்லூர் நெருங்கும் நேரம். திடீரென்று கால்கள் இரும்பாகிவிடும். 'எதற்காக ஓடுகிறோம்?' என்று அழுகை கூட வரும். ஓடுபவர்கள் இதைச் 'சுவரில் முட்டிக்கொள்வது' என்று சொல்வார்கள்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் மாரத்தான் ஓடி முடிக்கச் சுமார் 2,500 கலோரி செலவாகும். ஒரு சின்ன இட்லிக்கு 50 கலோரி என்று வைத்தால் 50 இட்லி! ஓடப் போகிறவர் காலையில் 50 இட்லி சாப்பிட்டுக் கிளம்ப முடியாது இல்லையா? அதனால்தான் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, இருக்கிற சத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க உடம்பைப் பழக்குகிறார்கள்.

பரிசே இல்லாத பந்தயம்

இப்படி ஓடுபவர்கள் எல்லாரும் ஒலிம்பிக் வீரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பேங்கில் வேலை பார்ப்பவர், கடை வைத்திருப்பவர், டீச்சர், தாத்தா, பாட்டி எல்லாரும் உண்டு. சென்னையில் 'சென்னை ரன்னர்ஸ்' என்ற குழு 2006-இல் தொடங்கியது. கடலூருக்கு வடக்கே, பாண்டிச்சேரி தாண்டி இருக்கும் ஆரோவில்லில் 2008-இல் மாரத்தான் தொடங்கினார்கள். மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் ஓட்டம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு எதுவும் கிடையாது. ஓடுகிற சந்தோஷத்துக்காக மட்டும் ஓட வேண்டும்!

இவர்கள் ஓடி முடித்ததும் டீக்கடையில் கூடுவார்கள். பக்கத்தில் நின்று கேட்டால் சிரிப்பு வரும். 'உங்க முட்டி எப்படி இருக்கு?', 'என் குதிகால் பரவாயில்லை', 'நேத்து எட்டு கிலோமீட்டர், மூச்சு வாங்கவே இல்லை' என்று உலகத்தில் வேறு விஷயமே இல்லாததுபோல் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்தப் பேச்சில்தான் புதிதாக வந்தவர், எங்கே நிற்க வேண்டும், எப்போது ஓய்வெடுக்க வேண்டும் என்று கற்றுக்கொள்கிறார்.

சென்னை மேயராக இருந்து, 2021-இல் தமிழக சுகாதாரத் துறை அமைச்சரான மா. சுப்பிரமணியனைத் தெரியும்தானே? 2004-இல் ஒரு கார் விபத்தில் அவருடைய காலில் பலத்த அடி. அதற்குப் பல வருடங்கள் கழித்துத்தான் அவர் ஓட ஆரம்பித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்துவிட்டு, தன் அனுபவங்களை 'ஓடலாம் வாங்க' என்று ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார்.

பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் தாத்தா கதை இன்னும் வேடிக்கை. சிறுவயதில் கால்கள் குச்சிபோல இருந்ததால் ஐந்து வயது வரை அவருக்கு ஒழுங்காக நடக்க வரவில்லை. முதல் மாரத்தான் ஓடியது 2000-இல், லண்டனில். அப்போது அவருக்கு வயது 89! 2011-இல் நூறு வயதில் கனடாவின் டொரன்டோ மாரத்தானை 8 மணி நேரம் 11 நிமிடத்தில் முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதால் கின்னஸ்காரர்கள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. 1911-இல் கிராமத்தில் யார் சான்றிதழ் கொடுத்தார்கள்? 2025 ஜூலையில் சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 114.

"அப்போ நானும் ஓடட்டுமா?"

இப்படித்தான் கேட்பீர்கள் என்று தெரியும்! அதற்கு முன் இன்னொரு கதை கேளுங்கள். இது கொஞ்சம் வருத்தமான கதை.

2006 மே 2. ஒடிசா மாநிலத்தில் பூரியிலிருந்து புவனேஸ்வர் போகும் சாலை. புதியா சிங் என்ற சிறுவன் ஓடிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு வயது நான்கு! சுற்றிலும் கூட்டம், கைதட்டல், கேமரா. 7 மணி 2 நிமிடத்தில் 65 கிலோமீட்டர் ஓடினான். 70 கிலோமீட்டர் ஓடுவதாகத் திட்டம். அதற்குள் துவண்டுவிட்டான். ஊரே 'அதிசயக் குழந்தை' என்று கொண்டாடியது. ஆனால் டாக்டர்கள் பதறினார்கள். இத்தனை சின்ன உடம்பு இதைத் தாங்காது என்றார்கள். இனி அவனை நெடுந்தூரம் ஓடவைக்கக் கூடாது என்று அரசு தடுத்தது. புதியாவின் கதை 2016-இல் சினிமாவாகவும் வந்தது. கைதட்டிய கூட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஏன் கூடாது? உங்கள் எலும்புகள் இன்னும் வளர்ந்து முடியவில்லை. எலும்புகளின் முனைப் பக்கத்தில் மென்மையான ஒரு பகுதி இருக்கிறது. அங்கேதான் எலும்பு நீளமாகிறது. ஓடும்போது ஒவ்வொரு முறை கால் தரையில் படும்போதும் உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நீங்கள் 30 கிலோ என்றால் 60 முதல் 90 கிலோ! மாரத்தானில் இது ஏறக்குறைய 40 ஆயிரம் தடவை நடக்கும். பெரும்பாலான மாரத்தான்களில் 18 வயது ஆனவர்களைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள்.

10 வயதிலிருந்து 14 வயதுக்குள் சிலருக்கு முட்டிச் சில்லுக்குக் கொஞ்சம் கீழே புடைத்துக்கொண்டு வலிக்கும். எலும்பு சரசரவென்று வளரும்போது, தொடைத் தசை அந்த மென்மையான இடத்தைப் பிடித்து இழுப்பதுதான் காரணம். இதற்கு 'ஆஸ்குட் ஷ்லாட்டர்' என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். ஓட்டத்தைக் குறைத்து டாக்டர் சொன்னபடி கேட்டால், வளர்ந்து முடிந்ததும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு இதேபோல் குதிகாலில் வலி வருவதுண்டு.

ஒரு 40 பக்க நோட்டு போதும்

மாரத்தான் வேண்டாம், சரி. ஆனால் ஓடலாம். தாராளமாக ஓடலாம்! நெடுஞ்சாலையில் மட்டும் வேண்டவே வேண்டாம். கடலூர் பிள்ளைகளுக்கு அண்ணா விளையாட்டு அரங்கம் இருக்கிறது, தேவனாம்பட்டினம் சில்வர் பீச் இருக்கிறது. சிதம்பரத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி மைதானம் இருக்கிறது. மணலில் ஓடும்போது ஒரு விஷயம்: பொதபொத மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்கு சக்தி வேண்டும். அலை நனைத்த ஈர மணல் சுலபம். ஆனால் அது கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடாமல் போய்த் திரும்பி வாருங்கள். பெரியவர் யாராவது கூட வரட்டும்.

முதல் நாள் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி ஆறு தடவை. அவ்வளவுதான். ஓடும்போது பக்கத்தில் வரும் நண்பனிடம் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். வாரத்தில் இரண்டு நாள் கட்டாயம் லீவு.

ஒரு நோட்டில் தேதி போட்டு, எத்தனை நிமிடம் ஓடினீர்கள், எப்படி இருந்தது என்று எழுதுங்கள். 'இன்று சோம்பல், ஓடவில்லை' என்றால் அதையும் எழுதுங்கள். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதி, வாரம் ஒருமுறை நோட்டை மாற்றிப் படித்தால் இன்னும் ஜோர். யார் அதிகம் என்று போட்டி போட அல்ல. போன மாத 'நான்' எப்படி, இந்த மாத 'நான்' எப்படி என்று பார்க்க!

அம்மாவிடம் சொல்வதா, வேண்டாமா?

இப்போது முக்கியமான கட்டம். ஸ்போர்ட்ஸ் டேக்கு ஐந்தே நாள். ரிலேயில் நீங்கள்தான் கடைசி ஆள். இன்றைக்குப் பார்த்து கணுக்கால் பிசகிவிட்டது. வீட்டில் சொன்னால் ஓட விடமாட்டார்கள். சொல்லாவிட்டால்...?

வலியில் இரண்டு வகை உண்டு. ஓடிய மறுநாள் இரண்டு கால் தசையும் 'கடகட'வென்று வலித்தால் அது களைப்பு வலி. இரண்டு, மூன்று நாளில் போய்விடும். ஆனால் 'இதோ, இங்கேதான்' என்று ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிற வலி, நொண்டவைக்கிற வலி, ஓட ஓடக் கூடுகிற வலி, இதெல்லாம் அடிபட்ட வலி. இதை மறைத்து ஓடினால், ஒரு வாரத்தில் ஆற வேண்டியது இரண்டு மாதம் இழுத்தடிக்கும். ரிலேயும் போச்சு, அடுத்து வரும் கபடியும் போச்சு!

கணுக்கால் பிசகினால் உடனே உட்காருங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வையுங்கள். காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். நம் ஊரில் உடனே எண்ணெய் தடவி 'சுளுக்கு வழிக்க' ஆள் தேடுவார்கள். பாட்டி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, முதல் இரண்டு நாள் தேய்ப்பதும் வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் வீக்கம் கூடிவிடும். ஊன்றி நான்கு எட்டு நடக்க முடியவில்லையா? எலும்பில் விரிசல் இருக்கலாம். டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுத்துத்தான் ஆக வேண்டும்.

திரும்ப எப்போது ஓடலாம்? முதலில் வலியில்லாமல் நடக்க வேண்டும். அப்புறம் நுனிக்காலில் நடக்க வேண்டும். அப்புறம் அடிபட்ட அந்த ஒற்றைக் காலில், நொண்டி விளையாட்டில் தாவுவதுபோல் பத்து முறை தாவ வேண்டும். பத்தும் வலியில்லாமல் முடிந்தால் மெதுவாக ஓட ஆரம்பிக்கலாம். நோட்டில் அன்றைய தேதியைச் சிவப்பு மையில் எழுதிக்கொள்ளுங்கள்!

நின்றவரும் நிற்காதவரும்

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தான். அன்றைக்குக் கொளுத்தும் வெயில். போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசாரோ வெயிலைத் தடுக்க உடம்பில் மெழுகு பூசியிருந்தார் என்று சொல்கிறார்கள். வியர்வை வெளியேற வழியில்லை. ஓடிக்கொண்டே இருந்தவர் சுருண்டு விழுந்தார். மறுநாள் இறந்துபோனார்.

அதே பந்தயத்தில் ஓடிய ஜப்பான் வீரர் ஷிசோ கனகுரிக்கும் பாதி வழி தாண்டியதும் தலை சுற்றியது. அவர் நின்றுவிட்டார். பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய்க் குடிக்க வாங்கிக் குடித்துவிட்டு ஓய்வெடுத்தார். வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஒலிம்பிக் கணக்கில் அவர் 'காணாமல் போனவர்'! ஆனால் ஊரில் ஓடிக்கொண்டுதான் இருந்தார். 1920, 1924 ஒலிம்பிக்குகளிலும் மாரத்தான் ஓடினார்.

1967-இல் ஸ்வீடன்காரர்கள் அவரைத் தேடிப் பிடித்து, 'பாதியில் விட்ட ஓட்டத்தை முடித்துவிட்டுப் போங்கள்' என்று அழைத்தார்கள். 75 வயதுத் தாத்தா ஸ்டாக்ஹோம் மைதானத்தில் ஓடி எல்லைக்கோட்டைத் தொட்டார். இடையில் கல்யாணம் ஆகி, 6 பிள்ளைகளும் 10 பேரப்பிள்ளைகளும் பிறந்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் அவருடைய நேரத்தை அறிவித்தார்கள்: 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 விநாடி!